எட்னா: வழிகாட்டியோடு ஒரு நாள் நிலவியல் நடை (வடகிழக்குச் சரிவு)

கரிச்சான்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் அங்கிருக்கும் எட்னா எரிமலையைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். வருகிற பதில்கள் எல்லாம் "ரோப் கார் ஏறு, படம் எடு, இறங்கு" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. நான் மே மாதக் கடைசியில் போனது வேறு மாதிரி. வழிகாட்டி நிலவியல் படித்தவர். எங்களோடு சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். காலை எட்டரைக்கு மலையடிவார நகரமான கட்டானியாவில் வேன் ஏறி மாலை ஆறுக்குத் திரும்பினோம். உச்சிக்குப் போகவில்லை. எல்லோரும் போகும் தெற்குப் பக்கமும் போகவில்லை. லிங்குவாக்ளோசா என்ற ஊர் வழியாக வடகிழக்குச் சரிவில் ஏறினோம்.

முதல் நிறுத்தமே நடுச்சாலை. வேனை ஓரங்கட்டிவிட்டு, "இந்தத் தாரைப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி அம்மா. குறுக்கே ஒரு விரிசல், அதன்மேல் ஒட்டுப்போட்ட தார், அந்த ஒட்டிலும் புது விரிசல். சாலையோரச் சுவர் அந்த இடத்தில் மட்டும் லேசாக முழங்கை மடக்கியிருந்தது. பெர்னிக்கானா பிளவு அது. மலையின் கிழக்குப் பக்கம் மொத்தமும் கடலை நோக்கி நகர்கிறது, அந்த நகர்வின் வடக்கு எல்லை இந்தக் கோடு. "உங்கள் வலது கால் எட்னாவோடு கடலுக்குப் போகிறது, இடது கால் வீட்டிலேயே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எங்களை விரிசலின் இரு பக்கமும் கால் வைத்து நிற்கச் சொன்னார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

அடுத்து பியானோ புரொவென்சானா, சுமார் 1,800 மீட்டர் உயரம். 2002 அக்டோபர் கடைசியில் இதற்கு மேலே மலை கோடாகப் பிளந்து, இங்கிருந்த விடுதிகளையும் பனிச்சறுக்கு லிஃப்ட்களையும் லாவா மூடிவிட்டது. பழைய படம் ஒன்றை வைத்திருந்தார்: பச்சைப் பைன் மரங்கள், கார் நிறுத்தம், வெயிலில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் ஆட்கள். படத்தைத் தாழ்த்தினால் எதிரே கறுப்பு. நடுவில் வெளுத்துப்போன மரங்கள் எலும்பு மாதிரி நின்றன. அங்கே யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு சார்டோரியஸ் குன்றுகள். 1865 ஜனவரியில் வெடித்தவை. ஒரே கோட்டில் ஏழு கூம்புகள், சட்டைப் பொத்தான் வரிசை போல. இத்தாலிக்காரர்களும் பொத்தான் வரிசை என்றுதான் சொல்கிறார்களாம். எட்னாவை முதலில் முறையாக நிலவியல் வரைபடமாக்கிய ஜெர்மானியர் சார்டோரியஸ் ஃபான் வால்டர்ஸ்ஹௌசன் பெயரில் இவை நிற்கின்றன. கூம்புகளைச் சுற்றி வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரங்கள். எட்னாவுக்கே உரிய வகை அது. கறுப்பு மண்ணில் வெள்ளை மரம், நெகட்டிவ் பிலிமைப் பார்ப்பதுபோல இருந்தது. கூம்பின் மேல் வாய் ஓரத்தில் மட்டும் மண் சிவப்பு. அங்கேதான் அதிகம் வெந்ததாம், செங்கல் மாதிரி.

கடைசியில் ஒரு லாவாக் குகை. தலையில் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு. கூரையில் லாவா சொட்டி உறைந்த பற்கள், சுவரில் கிடைக்கோடுகள். ஆறு வற்றும்போது கரையில் கறை விடுமே, அதேதான், ஓடியது லாவா. அந்தக் காலத்தில் குளிர்காலப் பனியை இப்படிப்பட்ட குகைகளில் நிரப்பி வைத்துக் கோடையில் விற்றிருக்கிறார்கள். உள்ளே போன இரண்டாவது நிமிடம் அது ஏன் என்று உடம்புக்கே புரிந்துவிட்டது.

நெருப்பு? ஒரு பொறிகூடப் பார்க்கவில்லை. உச்சியிலிருந்து வெள்ளைப் புகை மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

வெயிலோன்

எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் நேராகவே கேட்கிறேன், ஒரு நாள் முழுக்கக் கறுப்புக் கல்லைப் பார்க்கவா காசு? நானும் போனேன், தெற்குப் பக்கம். விளம்பரத்தில் செக்கச்சிவந்த லாவா ஆறு. அங்கே போனால் நாற்பது பேருக்கு ஒரு வழிகாட்டி. ரோப் காரில் 2,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி மேகத்துக்குள் நின்றோம். பக்கத்தில் நின்ற மனைவி தெரியவில்லை, எரிமலை எங்கே தெரியப்போகிறது? ஆறு நிமிடம் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார், முடிந்தது. படத்தில் இருந்த நெருப்பு படத்திலேயே இருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

கரிச்சான்

வெயிலோன் சார், உங்கள் கோபம் நியாயம். அது எட்னாமீது இருக்க வேண்டிய கோபமில்லை, அந்த விளம்பரத்தின் மீது. எங்கள் வழிகாட்டி முதல் நாளே வாட்ஸப்பில் "நாளை லாவா தெரியாது, அதற்காக வருவதாக இருந்தால் ரத்து செய்துகொள்ளலாம்" என்று எழுதிவிட்டார். இரண்டு பேர் விலகினார்கள். அப்படி எழுதுகிறவரிடம்தான் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பாறைவாசி

நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறவன். எட்னாவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். சில விஷயங்கள்.

நெருப்பு பற்றி முதலில். 2021 பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை தென்கிழக்கு வாய் ஐம்பது தடவைக்கு மேல் லாவா ஊற்றாகப் பீய்ச்சியது. அந்த மாதங்களில் போனவர்கள் கட்டானியா மொட்டைமாடியிலிருந்தே இரவில் சிவப்பைப் பார்த்தார்கள். ஆனால் அப்படி நடக்கும்போது மேலே போகும் பாதைகளை மூடிவிடுவார்கள். நெருப்பு இருந்தால் உங்களை விடமாட்டார்கள், உங்களை விட்டால் நெருப்பு இருக்காது. பெரும்பாலும் கணக்கு இதுதான்.

கரிச்சான் சொன்ன செங்கல் உவமை பாதி சரி. அதிகம் வெந்ததால் மட்டும் சிவப்பு வராது. வாய் ஓரத்தில் சூடான கல்லின் ஊடே காற்றும் நீராவியும் தொடர்ந்து போய்வருகின்றன. அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கிறது, அவ்வளவுதான். செங்கல் சிவப்பதும் அதே காரணத்தால். காற்று படாமல் சட்டென்று குளிர்ந்த கல் கறுப்பாகவே நின்றுவிடும். எனவே நடக்கும்போது சிவப்புத் திட்டைப் பார்த்தால் "வாய் இங்கே எங்கோ பக்கத்தில்" என்று துப்பு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்புக் கல்லை யாராவது காட்டினார்களா?

கரிச்சான்

காட்டினார்! சிச்சிராரா என்றார். உள்ளூர்ப் பேச்சில் கொண்டைக்கடலைக் கல் என்ற மாதிரி அர்த்தமாம். கையில் எடுத்து வெயிலில் திருப்பினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நொடி கண்ணாடிச் சில்லுபோல மின்னி அணைந்தது. அவர் அவசரத்தில் இருந்ததால் ஏன் அப்படி என்று கேட்கவில்லை. சொல்லுங்களேன்.

பாறைவாசி

அது பிளாஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் படிகம். மாக்மா, அதாவது நிலத்துக்கடியில் உருகிக் கிடக்கும் பாறை, ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டால் படிகம் பெரிதாக நேரமிருக்காது, கல் முழுக்கப் பொடிப்பொடியாக இருக்கும். வழியில், மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, தங்கி நின்று வந்தால் அதில் கரைந்திருந்த நீராவி கசிந்து போகும். நீர் போகப்போக பிளாஜியோகிளேஸ் வளரும். பாகு காய்ச்சி நிதானமாக ஆறவிட்டால் கற்கண்டு பெரிதாகக் கட்டுவதுபோல. ஆக, அந்தப் புள்ளியின் அளவு அந்த லாவா வழியில் தங்கியதா, தங்காமல் வந்ததா என்பதைச் சொல்லிவிடுகிறது.

1614இல் தொடங்கி 1624 வரை பத்து வருடம் வடக்குச் சரிவில் ஒழுகிக்கொண்டே இருந்த லாவா இந்த வகை. எட்னாவின் பதிவான வரலாற்றில் இதைவிட நீண்ட வெடிப்பு கிடையாது. பத்து வருடம்! பிள்ளை பிறந்து நான்காம் வகுப்பு போகும்வரை.

தேன்மொழி

பாறைவாசி சார், கற்கண்டு உதாரணத்தை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன், "அப்போ மலை இனிக்குமா" என்கிறாள். ஒன்பது வயது. இந்த மாதிரி நடைக்குக் கூட்டிப்போகலாமா? பெரியவர்களே சலித்துக்கொள்கிறார்களே என்றுதான் யோசனை. இன்னொன்று, அவருக்கு ஆஸ்துமா இருக்கிறது. (அவர் என்றால் வீட்டுக்காரர், மகள் இல்லை.)

கரிச்சான்

தாராளமாக. எங்கள் குழுவில் பத்து வயசுப் பையன் ஒருவன் இருந்தான், எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் நாள் நன்றாகப் போனது. வழிகாட்டி அவனிடம் நூலில் கட்டிய ஒரு காந்தத்தைக் கொடுத்து, கறுப்பு மணலில் இழுத்துக்கொண்டே வரச்சொன்னார். பத்து அடி போவதற்குள் காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. மணலில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவனை யாரும் "நட, நட" என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. கூம்பிலிருந்து இறங்கும்போது தளர்ந்த மணலில் குதித்துக் குதித்து ஓடலாம், முழங்கால்வரை வாங்கிக்கொள்ளும். ஏறும்போது அதே மணல் இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் தள்ளும், அப்போது குழந்தை உங்கள் முதுகைக் கேட்கும்.

ஆஸ்துமாவுக்கு, நாங்கள் போன உயரத்தில் கந்தக வாடையே இல்லை. உச்சியின் வாய்களுக்குப் பக்கத்தில் கந்தக டை ஆக்சைடு இருக்கும், காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். முன்பதிவின்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், இன்ஹேலர் பையில் இல்லாமல் சட்டைப் பாக்கெட்டில் இருக்கட்டும். டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று

எல்லோரும் மணலில் குதிக்கிறீர்கள், சரி. 2025 ஜூன் 2 வீடியோவை யாரும் பார்க்கவில்லையா? பின்னால் சாம்பல் சுவர் எழும்புகிறது, சுற்றுலாக் கூட்டம் சரிவில் ஓடுகிறது. எரிமலையில் "பாதுகாப்பான பயணம்" என்று ஒன்று உண்டா என்ன?

பாறைவாசி

நல்ல கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். அன்று தென்கிழக்கு வாயின் ஒரு பக்கம் இடிந்து, சூடான கல்லும் சாம்பலும் வாயுவும் கலந்து சரிவில் உருண்டன. யாருக்கும் காயமில்லை. ஆனால் எப்போதும் அப்படி முடிந்ததில்லை. 1979 செப்டம்பரில் போக்கா நுவோவா வாயில் எதிர்பாராத ஒரு வெடிப்பு, ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். பெரிய வெடிப்புக்கூட இல்லை அது. ஆட்கள் வாய்க்கு மிக அருகில் நின்றிருந்தார்கள், அதுதான் வினை. 2017 மார்ச்சில் பனியின்மேல் லாவா ஓடியது, பனி திடீரென்று நீராவியாகி வெடித்தது, பிபிசி படக்குழு உட்படப் பத்துப் பேர் அளவில் காயம். லாவாவைவிட லாவாவும் தண்ணீரும் சேரும் இடம்தான் ஆபத்து என்று வகுப்பில் சொல்வேன்.

இதெல்லாம் உச்சியிலோ அதற்குக் கீழே உள்ள மேல்சரிவிலோ நடந்தவை. கரிச்சான் போன 1,600, 1,800 மீட்டர் வேறு கணக்கு. அங்கே வெடிப்பு வருவதானால் நிலம் பிளந்து வரவேண்டும். அதற்கு முன்னால் வழக்கமாக நில அதிர்வுகள் கூட்டமாக அடுத்தடுத்து வரும், கட்டானியாவில் இருக்கும் தேசிய புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனம் இரவும் பகலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனை மீட்டர்வரை போகலாம், எங்கிருந்து வழிகாட்டி கட்டாயம் என்பதை மலையின் நிலைமையைப் பார்த்து உள்ளூர் மேயர்கள் ஆணை போடுவார்கள். அந்த எல்லை மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் போனவர் சொன்ன உயரத்தை நம்பிப் போகாதீர்கள்.

கரிச்சான்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "வழிகாட்டி" என்று போட்டிருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. உச்சிப் பகுதிக்குக் கூட்டிப்போக எரிமலை வழிகாட்டி அல்லது மலையேற்ற வழிகாட்டி உரிமம் வேண்டும். கீழ்ச்சரிவு நடைகளுக்கு இயற்கை வழிகாட்டிகளும் வருவார்கள், அவர்களில் அபாரமாகச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் ஆள் எந்த வகை என்று கேட்பதில் தப்பே இல்லை, கேட்டால் கோபித்துக்கொள்கிறவரோடு போகவேண்டாம்.

நெல்லிக்காய்

நான் தெற்கே சில்வெஸ்ட்ரி வாய்களைச் சுற்றி நடந்தேன், 1892இல் வந்தவை. அழகு. ஒரு சின்னக் கல்லை நினைவுக்கு எடுத்துவந்தேன், சோப்பு அளவுதான், மேஜையில் இருக்கிறது. துளைத்துளையாக எவ்வளவு லேசு தெரியுமா!

உப்புக்காற்று

அது எட்னா இயற்கைப் பூங்கா நிலம், கல்லெடுப்பது தடை. 2013இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் வேறு இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் சோப்பு அளவு எடுத்தால்?

நெல்லிக்காய்

மலையளவு கல் கிடக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாகத் தெரியாது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

நிர்வாகி

இருவரும் இதோடு விடுங்கள். தகவலுக்கு மட்டும்: பூங்காவுக்குள் கல், மணல், செடி எதையும் எடுக்கக்கூடாது.

பாறைவாசி

நெல்லிக்காய், எட்னாவின் கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் கட்டானியா நகரமே போதும். நடைபாதை, தேவாலயச் சுவர், வீட்டு நிலைப்படி எல்லாம் அந்தக் கல்தான். உர்சினோ கோட்டை என்று ஒன்று இருக்கிறது, கட்டியபோது கடலோரத்தில் நின்ற கோட்டை. 1669இல் லாவா வந்து அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. கோட்டை நின்ற இடத்திலேயே நின்றது, கடல்தான் தள்ளிப்போனது.

அதே 1669இல் நடந்த கதை ஒன்று, வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் எட்னாவை முடிப்பதில்லை. தியேகோ பப்பலார்தோ என்ற கட்டானியாக்காரர் ஐம்பது பேர் அளவில் கூட்டிக்கொண்டு மேலே போனார். வெப்பத்துக்கு நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கம்பியால் லாவா ஓடையின் கரையை உடைத்தார்கள். ஓடுகிற லாவா இரண்டு பக்கமும் தானே கரை கட்டிக்கொண்டு வாய்க்கால் மாதிரி ஓடும், உடைத்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். திரும்பியது. எந்தப் பக்கம்? பத்தெர்னோ ஊர்ப் பக்கம். பத்தெர்னோவிலிருந்து ஐநூறு பேர் ஆயுதத்தோடு வந்து இவர்களை விரட்டினார்கள். உடைப்பு தானே அடைத்துக்கொண்டது, லாவா பழையபடி கட்டானியாவுக்குப் போனது. வாய்க்கால் மடையை மாற்றிவிட்டுப் பக்கத்து வயல்காரரிடம் மாட்டிக்கொண்ட கதைதான், தண்ணீருக்குப் பதில் 1,100 டிகிரி.

1992இல் சஃபெரானா ஊரைக் காக்க வெடி வைத்துத் திருப்பினார்கள், அது பலித்தது. அந்த முறை திருப்பிவிட்ட பக்கத்தில் ஊர் இல்லை.

வெயிலோன்

இதையெல்லாம் என் ஒலிபெருக்கிக்காரர் சொல்லியிருந்தால் நானும் நாலு நட்சத்திரம் போட்டிருப்பேன். சரி, அடுத்த மாதம் வேலையாகச் சிசிலி போகவேண்டியிருக்கிறது, ஒரு ஞாயிறு கையில் இருக்கிறது. கரிச்சான், என்ன போட்டுக்கொண்டு போனீர்கள்? கட்டானியாவில் வெயில் கொளுத்துமே.

கரிச்சான்

கீழே கொளுத்தும், அதை நம்பாதீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், காற்று வேறு. நீளக் கால்சட்டை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், கணுக்காலை மூடும் பூட்ஸ். ‘ஆஆ’ என்று சொல்லும் கரடுமுரடான வகை லாவா உடைந்த பாட்டில் மாதிரி, விழுந்தால் உள்ளங்கை போய்விடும், கையுறை மெலிசாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர். ஓடுகாலணி வேண்டாம், மணல் உள்ளே போய்விடும். நான் மே மாதம் போட்டுக்கொண்டு போன சாக்ஸிலிருந்து இன்னும் கொட்டுகிறது.

அப்புறம், லாவாவின் வயதைக் கண்ணால் மதிப்பிட வழிகாட்டியிடம் கேளுங்கள். முதலில் சாம்பல் நிறப் பாசி படரும், சமையலுக்குப் போடும் கல்பாசிக்குச் சொந்தக்காரன். பிறகு மெத்தை மாதிரி உருண்டை முட்செடி. அப்புறம்தான் ஜெனிஸ்டா என்ற மஞ்சள்பூ மரம், அதன் வேர் கல்லைப் பிளக்கும். 2002 லாவாவையும் 1865 லாவாவையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லாவா இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போனதில் தப்பித்த பழைய காட்டுத் திட்டு எங்கேயாவது தீவு மாதிரி நிற்கும், அதற்கு அங்கே டாகலா என்று பெயர்.

வெயிலோன்

பியானோ புரொவென்சானாவிலிருந்து எழுதுகிறேன், சிக்னல் இருக்கிறது! ஆறு பேர், ஒரு வழிகாட்டி, உச்சியில் மேகம். வழக்கம்போல என் ராசி. விரிசலில் கால் வைத்து நின்றேன். சுவர் முழங்கை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு டாகலாவையும் பார்த்தாயிற்று, உள்ளே பறவைச் சத்தம், வெளியே நிசப்தம், அது கொஞ்சம் ஆளை உலுக்கிவிட்டது.

விஷயம் என்னவென்றால், வழிகாட்டி முன்னால் போய்விட்டார், நான் ஒரு கல்லைக் கண்டுபிடித்திருக்கிறேன். படம் போட்டிருக்கிறேன். கறுப்புக் கல், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஒவ்வொன்றும் கடலை அளவு. பாறைவாசி சார், சிச்சிராராதானே? (எடுக்கவில்லை, தரையிலேயே இருக்கிறது.)

பாறைவாசி

படத்தில் புள்ளி கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறதே. வெயிலில் மின்னுகிறதா? நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பிளாஜியோகிளேஸ் என்றால் நகம்தான் தேயும்.

வெயிலோன்

வந்துவிட்டது சார். கல்பாசி.